உரிமையாளன் இறப்பதில்லை

பொழிச்சலூரில் எங்கள் தெரு இளைஞன் ஒருவன் வீடியோ கேம்களுக்கு உருவங்கள் வரைகிறான். “வரையுறது நாங்க சார், உரிமை கம்பெனிக்கு” என்றான். அவன் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது ‘டாங்கி காங் ரேசிங்’கின் கதையில்.

இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக உருவாக்கி, 2001இல் முன்னோட்டம் காட்டப்பட்ட பந்தய விளையாட்டு அது. கார் கிடையாது, விலங்குகள்மேல் சவாரி. 2002இல் மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலருக்கு ரேரை வாங்கியது. டாங்கி காங் என்ற குரங்கோ நின்டெண்டோவின் சொத்து. ஆகவே விளையாட்டு கைவிடப்பட்டது. எஞ்சிய விலங்குச் சவாரியில், 1984இல் பிறந்த தங்கள் பழைய பாத்திரமான சேபர்மேனை ஏற்றி, பந்தயத்தைச் சாகசமாக்கி, ‘சேபர்மேன் ஸ்டாம்பீட்’ என்று எக்ஸ்பாக்ஸுக்காகத் திருத்தி எழுதினார்கள். அதுவும் வெளிவரவில்லை.

ஆசிரியனின் மரணத்தை ரொலாண் பார்த் 1967இல் அறிவித்தார். பிரதி வாசகனுடையதாகிவிட்டது என்று நாமும் மகிழ்ந்தோம். இங்கே பிரதி வாசகனிடம் வந்து சேரவேயில்லை. குரங்கின் முகத்தைச் சட்டம் காத்தது. அதை ஓடவைத்த உழைப்பு கம்பெனியோடு சேர்ந்து கைமாறியது. ஆசிரியனைப் புதைத்த அவசரத்தில், கூலிக்கு எழுதுபவனையும் சேர்த்துப் புதைத்துவிட்டோமோ என்பதே என் சந்தேகம்.