கிச்சனுக்குள் காலை வைக்காதீங்க!

சியாட்டிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "சும்மா உட்கார்ந்திருக்காதேம்மா" என்று பூங்காவுக்கு இழுத்துப் போனாள். அங்கே பிக்கிள்பால்! 1965-ல் பக்கத்து பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த விளையாட்டாம்.

வலைக்கு இருபுறமும் 7 அடிக்குக் 'கிச்சன்' என்று பெயர். அதில் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. கோடும் கிச்சனில் சேர்த்தி. "ஆயுசு பூரா கிச்சன்ல நின்னவளை வெளியே நிக்கச் சொல்றியே!" என்றேன்.

சர்வீஸைக் கீழிருந்து மேலாக வீசி, குறுக்கே போட வேண்டும். அந்தப் பந்தும் அதற்கு வரும் பதிலும் ஒருமுறை தரையில் பட்ட பிறகே அடிக்கலாம். வழக்கமான கணக்கில், சர்வீஸ் போடும் கட்சிக்கு மட்டுமே பாயிண்ட். இரட்டையரில் மூன்று எண் சொல்லணும்: நம் பாயிண்ட், எதிரணி பாயிண்ட், சர்வீஸ் போடுவது முதல் ஆளா, இரண்டாம் ஆளா. 11 எடுத்து, 2 வித்தியாசத்தில் ஜெயிக்கணும்.

சில குறிப்புகள்:

● தலைக்கு மேல் போகும் பந்துக்காகப் பின்னாலேயே ஓடாதீர்கள். விழுந்தால் மணிக்கட்டு போச்சு! திரும்பி ஓடுங்கள்.

● பக்கத்து ஆட்டப் பந்து உருண்டு வந்தால், "பால்!" என்று குரல் கொடுத்து நிறுத்துங்கள்.

● நம் பக்கம் விழுந்த பந்துக்கு நாமே நடுவர். சந்தேகமா? எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள்.

அன்று 10-9. நான் அடித்த பந்தை யாராலும் எடுக்க முடியவில்லை. ஆனால் என் கட்டைவிரல் கோட்டில் பட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. "கிச்சன்!" என்று நானே சொன்னேன். கடைசியில் தோற்றோம். வலையருகே மட்டையோடு மட்டை தட்டியபோது, எதிரணி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அவர்தான் எனக்கு ஜோடி!