பந்தாடிய பாண்டவர் ஐவர்

கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளை நோக்கிப் பள்ளியிலும் தெருவிலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "நீ மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்பதே அது. இது வங்காளியர் வீட்டு வழக்கு, இதில் நமக்கென்ன பங்கு என்று எண்ணி நம்மிற் பலர் சிரித்து மழுப்பிவிடுகிறோம். ஆனால் நமக்கும் இதில் பங்கு உண்டு. அது சிறு பங்கும் அன்று. 1949-ஆம் ஆண்டின் பந்தாட்டப் பருவத்தை அறிந்தவர் இதனை மறுக்கமாட்டார்.

ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்த கதையே ஒரு மனத்தாங்கலின் கதைதான். 1920-ஆம் ஆண்டில் ஜோராபாகான் கழகம் மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஓர் ஆட்டத்தில், சைலேஷ் போஸ் என்ற கீழ் வங்கத்து ஆட்டக்காரர் ஒதுக்கப்பட்டார். அதனைப் பொறாத துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கழகத்தினின்று விலகினார். அவரும் நண்பர்களும் கூடி, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளில், கீழ் வங்கத்தவரின் பெயராலேயே ஒரு கழகத்தைத் தோற்றுவித்தனர். நகரத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது உறவின் வீடாயிற்று.

1947-இல் நாடு பிரிந்தது. டாக்காவிலும் பரிசாலிலும் வீடும் நிலமும் விட்டு, கைப்பையோடு லட்சக்கணக்கானோர் சியால்தா நிலையத்தில் வந்திறங்கினர். நம் லேக் கார்டன்ஸுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள யாதவ்பூர், பிஜய்கட் பகுதிகள் அவர்கள் கையால் எழுந்த குடியிருப்புகளே. பிஜய்கட் போர்க்காலத்தில் படை முகாமாக இருந்த இடம். ஊரை இழந்தவனுக்குத் தன் ஊரின் பெயரைத் தாங்கிய பொருள் எதுவாயினும் அருமையானது. அந்நாளில் அப்பெயரைத் தாங்கி நின்றது ஒரு பந்தாட்டக் கழகம்.

இனிக் கேட்கத் தக்க செய்தி இதுவே. அந்த மக்களின் மானத்தைக் காக்க முன்வரிசையில் நின்ற ஐவருள் ஒருவர்கூட வங்காளியர் அல்லர், ஐவரும் தென்னாட்டவர். வலது ஓரத்தில் வெங்கடேஷ், அவருக்கு உட்புறம் அப்பாராவ், நடுவில் தன்ராஜ், இடது உட்புறம் அகமத் கான், இடது ஓரத்தில் சாலே. அப்பாராவ் ஆந்திரர், சாலே கேரளத்தவர், தன்ராஜும் அகமத் கானும் பெங்களூரிலிருந்து வந்தவர்கள். அப்பாராவும் சாலேயும் முன்னரே கல்கத்தாவில் ஆடிவந்தனர். ஏனைய மூவர் பின்னர் வந்து சேர்ந்தனர். இவர்களை ஒன்றுகூட்டிய பெருமை கழகச் செயலாளர் ஜோதிஷ் குகாவையே சாரும். கல்கத்தா மக்களோ ஐவருக்கும் சேர்த்துப் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் சூட்டினர்.

அக்காலத்தில் கோல் காப்பவருக்கு முன்னே இருவர், இடையில் மூவர், முன்னே ஐவர் என்று அணி வகுப்பது வழக்கம். ஆகவே முன்னணி ஐவரின் ஒற்றுமையே ஆட்டத்தின் உயிர். நம் ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. லீக் ஆட்டங்களோ மழைக்காலத்தில் நிகழ்பவை. சேறாகிவிட்ட மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும். அந்நிலையில் பந்தை ஓங்கி உதைத்துப் பின்னே ஓடுவதைவிட, தரையோடு தரையாக ஒருவர்க்கொருவர் தந்து முன்னேறுவதே அறிவுடைமை. தானே கோல் அடிக்கவேண்டும் என்ற ஆசையை அடக்கி, நல்ல இடத்தில் நிற்பவனுக்குப் பந்தைத் தருவதே ஐவர் வரிசையின் இலக்கணம்.

1949-ஆம் ஆண்டில் இவ்வணி கல்கத்தா லீக்கை வென்றது. பின்னர் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானையே 2-0 என்று வென்றது. அத்துடன் நில்லாது பம்பாய்க்குச் சென்று ரோவர்ஸ் கோப்பையையும் கைக்கொண்டது. ஒரே பருவத்தில் இம்மூன்றையும் வென்ற முதல் இந்தியக் கழகம் இதுவே. 1950, 1951-ஆம் ஆண்டுகளிலும் கேடயம் அவர்களை விட்டு அகலவில்லை. 1951-லும் 1952-லும் டில்லியின் டியூராண்ட் கோப்பையும் அவர்கள் வசமாயிற்று. 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்ற இந்திய அணியில் வெங்கடேஷ், அகமத் கான், சாலே மூவரும் இருந்தனர்.

தாழ்வும் உண்டு. 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் அகமத் கான். அத்தோல்விக்குப் பின்னரே நம் நாட்டில் பூட்சு கட்டாயமாயிற்று. 1953-இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் ருமேனியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்று ஆடித் திரும்பியது. அவ்வளவில் ஐவர் வரிசையும் கலைந்தது.

இத்தனைக்கும் இவர்கள் விதிப்படி ஊதிய ஆட்டக்காரர் அல்லர். இன்று பந்தாட்டத்திற்குப் பேர்பெற்ற ஹாலந்து நாட்டிலேயே 1954-இல்தான் ஊதியத்திற்கு ஆடுவது அனுமதிக்கப்பட்டது. நம் நாட்டில் அக்காலத்து ஆட்டக்காரனுக்குப் பிழைப்பு என்பது ஓர் அலுவலக வேலையே. அதனால்தான் இரயில்வே அணிகள் வலிமை பெற்றன. பி. கே. பானர்ஜி ஆடிய ஈஸ்டர்ன் ரயில்வே அணி 1958-இல் கல்கத்தா லீக்கை வென்றதை, இரயில்வே எழுத்தன் என்ற முறையில் இங்கே சொல்லாதிருக்க மனம் வரவில்லை. பெரிய மூன்று கழகங்களுக்கு வெளியிலிருந்து மற்றோர் அணி அப்பட்டத்தைப் பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வென்ற கோப்பைகளைக் காட்டிலும் பெரியது ஒன்று உண்டு. மதக் கலவரத்தால் வீடிழந்து வந்த மக்கள், இரண்டே ஆண்டுகளில், தன்ராஜ் என்றும் அகமத் கான் என்றும் சாலே என்றும் வேற்றுமை பாராது பெயர் சொல்லி ஆரவாரித்தனர். மொழி என்ன, மதம் என்ன என்ற கேள்விகள் மைதானத்தின் கயிற்றுக்கு அப்பால் நின்றுவிட்டன. ஐவரும் வங்காளியர் போல் நடித்து இந்த அன்பைப் பெறவில்லை; தம் தொழிலைச் செவ்வனே செய்து பெற்றார்கள்.

பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வந்த ஊர் நம்மை ஏற்குமா என்று ஏங்கி நிற்பதைவிட, அவ்வூருக்கு நாம் தருவது என்ன என்று எண்ணுவது நலம். ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் அண்டை வீட்டில் இலிஷ் மீன் மணக்கும்; மோகன் பகான் வென்றால் இறால் மணக்கும். நம் வீட்டில் சாம்பாரே கொதிக்கட்டும். ஆனால் நம் பிள்ளைகள் அக்கேள்விக்கு இனி மழுப்பவேண்டா. எந்தக் கழகத்தை விரும்பினாலும், "1949-இல் முன்வரிசையில் நின்ற ஐவரும் எங்கள் தென்னாட்டவர்" என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும்.