பிள்ளை கேட்கும் கிராஃபிக்ஸ் கார்டு: எதை வாங்குவது?

முன்பெல்லாம் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை சைக்கிள் கேட்கும். பிறகு கைக்கடிகாரம் கேட்டது, அதற்கப்புறம் செல்போன். இப்போது, “அம்மா, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடேன்” என்று வந்து நிற்கிறது. சைக்கிள் என்றால் பிள்ளையின் உயரத்துக்கு எது சரி என்று நமக்கே தெரியும். இந்தப் பண்டம் அப்படியா? ஒன்று, “எனக்கு ஒண்ணும் புரியலை, அப்பாகிட்டே கேளு” என்று தள்ளிவிடுகிறோம். இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்கிற தொகையை அப்படியே எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அரை பவுன் மோதிரத்துக்கு நாலு கடை ஏறி இறங்குகிற நாம், இதற்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?

என் மகன் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். 2025 தீபாவளியை ஒட்டி எனக்குச் சீட்டுப் பணம் 60,000 ரூபாய் கைக்கு வந்தது. மகளின் ஹாஸ்டல் கட்டணமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே, விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் பையைத் திறப்பது என்று உட்கார்ந்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

கோலம் போடும் கை

கம்ப்யூட்டர் திரை என்பது ஒரு புள்ளிக் கோலம். சாதாரணத் திரையில் குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 புள்ளி. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 20 லட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இன்ன நிறம் என்று தீர்மானித்துக் கோலத்தைப் போட்டு முடிக்கிற கைதான் கிராஃபிக்ஸ் கார்டு. அதுவும் ஒரு தடவை அல்ல. விளையாட்டில் படம் நகர வேண்டுமே, அதனால் விநாடிக்கு 60 தடவை, 100 தடவை என்று அழித்து அழித்துப் போட வேண்டும். கணக்கு எழுதவும் சினிமா பார்க்கவும் இந்தத் தனிக் கை வேண்டியதில்லை. பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே இருக்கும் சின்ன வசதி அதற்குப் போதும். பெரிய விளையாட்டுகளுக்குத்தான் தனிக் கார்டு.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கார்டை மட்டும் மாற்ற முடியாது. பெரும்பாலும் அது உள்ளேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். மடிக்கணினி வாங்கும்போதே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் திரையைப் பாருங்கள்

கார்டு கேட்கும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உன் மானிட்டர் என்ன?” என்பதுதான். வாசல் சின்னதாக இருக்கும்போது தேர்க் கோலத்துக்கு மாவு கரைத்து என்ன பயன்?

திரையில் பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது, புள்ளிகள். 1080 என்று சொல்லும் திரையைப் பற்றிச் சொன்னேன். அடுத்தது 1440. இதில் 2560-க்கு 1440, சுமார் 36 லட்சத்து 90 ஆயிரம் புள்ளிகள். மூன்றாவது ‘4கே’. இதில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். அதாவது முதல் திரையைப் போல் சரியாக 4 மடங்கு வேலை. ஆகவே, 1080 திரையில் ஜம்மென்று ஓடுகிற ஒரு கார்டு, அதே விளையாட்டை 4கே திரையில் ஓட்டும்போது மூச்சு வாங்கும்.

இரண்டாவது, ஹெர்ட்ஸ். திரை ஒரு விநாடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றிக் காட்டும் என்ற கணக்கு இது. அலுவலகங்களில் பார்க்கிற சாதாரணத் திரை 60 ஹெர்ட்ஸ். விளையாட்டுக்கென்று வருபவை 144, 165, அதற்கு மேலும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்துக்கொண்டு, விநாடிக்கு 150 படம் போடும் கார்டை வாங்கினால் என்ன ஆகும்? திரை காட்டுவது 60 முறைதான். பந்தியில் சாப்பிடுகிறவர் மூன்று இட்லிதான் சாப்பிடுவார் என்றால், எட்டு இட்லியைக் கொண்டுபோய் நீட்டி என்ன லாபம்? விரல் அசைவுக்குப் படம் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லும் என்பது உண்டு. ஆனால், அதற்காக இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை.

கார்டின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப் போகாதபோது, படம் நடுவில் வெட்டுப்பட்டாற்போல் தெரியும். கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையே தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ‘ஃப்ரீசிங்க்’, ‘ஜி-சிங்க்’ வசதி உள்ள மானிட்டர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு காலத்தில் ஒரு கம்பெனியின் வசதி இன்னொன்றின் கார்டுக்கு ஒத்து வராது. 2019-லிருந்து என்விடியா கார்டுகளும் பல ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு சேர்ந்து வேலை செய்கின்றன.

பிள்ளை என்ன விளையாடுகிறான்?

இரண்டாவது கேள்வி இது. எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. வாலரண்ட், கவுண்ட்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி விளையாட்டுகளுக்கு ஓவிய அழகைவிட வேகம்தான் முக்கியம். வாலரண்ட் நடுத்தரக் கார்டிலேயே தாராளமாக ஓடும். அதற்கு விலை உயர்ந்த கார்டைவிட 144 ஹெர்ட்ஸ் திரைதான் உதவி. சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்ற கதை விளையாட்டுகள் வேறு ரகம். வெளிச்சம், நிழல், மழைத்துளி என்று பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள். இவைதான் கார்டைப் பிழிந்து எடுக்கும். 2022-இல் வந்த எல்டன் ரிங் என்ற விளையாட்டோ, எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தப்பட்டது. அதற்காக மட்டும் பெரிய கார்டு வாங்குவது வீண்தானே?

என் மகனை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஆறு விளையாட்டு எழுதினான். நாலு போட்டி ரகம், இரண்டு கதை ரகம். எழுதும்போதே பாதி தெளிவு அவனுக்கே வந்துவிட்டது.

ஜி.பி. கணக்கு

கார்டுக்கென்று தனியாக நினைவகம் உண்டு. அதைச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை சின்னதாக இருந்தால், கை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுத்தானே அடுத்ததை வைக்க முடியும்? விளையாட்டில் இதுதான் திக்கித் திக்கி ஓடுவது. 1080 திரைக்கு 8 ஜி.பி. பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். புதிய பெரிய விளையாட்டுகளில் அலங்காரங்களைச் சற்றுக் குறைத்துக்கொள்ள நேரும். 1440 திரைக்கு 12 ஜி.பி., 4கே திரைக்கு 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2025-இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. இரண்டும் 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரண்டு அளவில் கிடைக்கின்றன. பெயர் ஒன்றேதான். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். என்விடியா, ஏ.எம்.டி. இரண்டோடு இன்டெல் கம்பெனியும் ‘ஆர்க்’ என்ற பெயரில் கார்டு போடுகிறது. 2024 டிசம்பரில் வந்த அதன் பி580 கார்டில் 12 ஜி.பி. உண்டு.

இன்னொன்று, குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை இப்போது உண்டு. என்விடியாவில் ‘டி.எல்.எஸ்.எஸ்.’, ஏ.எம்.டி.யில் ‘எஃப்.எஸ்.ஆர்.’ என்பார்கள். இதை ஏற்கும் விளையாட்டுகளில் நடுத்தரக் கார்டும் ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

பெட்டிக்குள் இருப்பவை

கார்டு மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. காய் நறுக்கித் தருகிறவர் மந்தமாக இருந்தால், அடுப்படியில் நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பழைய பிராசஸர் உள்ள கம்ப்யூட்டரில் உயர்ந்த கார்டைப் போட்டால் இதே கதை.

அடுத்தது மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்பெட்டி எத்தனை வாட் என்று கட்டாயம் பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டு 145 வாட் வரை இழுக்கும். அதற்கு 550 வாட் மின்பெட்டி வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. 5070 கார்டு 250 வாட். அதற்கு 650 வாட் மின்பெட்டி. கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத மின்பெட்டியை நம்பி, விலை உயர்ந்த கார்டை மாட்டாதீர்கள். விளையாட்டு நடுவில் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். மோசமான மின்பெட்டி மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

கரண்ட் பில்லையும் பாருங்கள். தினம் 3 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், 145 வாட் கார்டுக்கு மட்டும் 2 மாதத்தில் சுமார் 26 யூனிட். 250 வாட் கார்டுக்கு 45 யூனிட். யூனிட் ஏற ஏற விலைப் படியும் ஏறுமே!

கேபினட்டைத் திறந்து இஞ்ச் டேப் வைத்து அளக்கவும் மறக்காதீர்கள். மூன்று விசிறி உள்ள கார்டுகள் சில 30 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் ரிச்சி தெருவுக்கு மகனோடு போனேன். முதல் கடையில், “மேடம், தம்பி ஆசைப்படறாரு, 5070-ஏ போட்டுடுங்க, அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை” என்று 54,000 ரூபாய் சொன்னார்கள். “எங்க மானிட்டர் 1080, 60 ஹெர்ட்ஸ். மின்பெட்டி 450 வாட். அதுக்கு இது சரிப்படுமா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “அப்போ மானிட்டரையும் மாத்திடலாம் மேடம்” என்றார். வெளியே வந்துவிட்டோம்.

மகனுக்கு முகம் வாடித்தான் போயிற்று. வீட்டுக்கு வந்து அவன் எழுதிய தாளையே எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். 8 ஜி.பி. உள்ள 5060 கார்டு 31,000. ஃப்ரீசிங்க் வசதியோடு 1080 புள்ளி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 10,000. நல்ல 550 வாட் மின்பெட்டி 5,000. ஆக 46,000 ரூபாய். மீதி 14,000 ஹாஸ்டலுக்கு. கார்டு ஒன்றுக்கே 54,000 கொடுத்து, பழைய திரையில் பார்ப்பதைவிட இது நன்றாக இருக்கிறது என்று இப்போது அவனே சொல்கிறான்.

கடைக்குப் போகுமுன்

1. மானிட்டரின் புள்ளி, ஹெர்ட்ஸ், பின்னால் உள்ள இணைப்புத் துளைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 4கே திரைக்குப் பழைய எச்.டி.எம்.ஐ. கம்பி முழு வேகம் தராது.

2. பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்காதீர்கள். 2022 செப்டம்பர் வரை எத்தீரியம் நாணயம் தோண்ட இரவு பகலாக ஓட்டிய கார்டுகள் பல பிறகு சந்தைக்கு வந்தன. ஓட்டிக் காட்டச் சொல்லி, உத்தரவாதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. பில்லில் கார்டின் முழுப் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

4. மாட்டிய பிறகு மானிட்டர் கம்பியைக் கார்டிலுள்ள துளையில் செருகுங்கள். மதர்போர்டு துளையில் செருகினால் புதுக் கார்டு சும்மா இருக்கும்.

5. விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல வீடுகளில் புதுத் திரை 60-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாகக் கண். எத்தனை உயர்ந்த திரையானாலும் கண் நம்முடையதுதான். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு விளையாட விடாதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு நிறுத்த வேண்டும் என்று கார்டு வாங்கும் முன்பே பேசி முடித்தோம். வாங்கிக் கொடுத்த பிறகு போடுகிற சட்டத்துக்கு மதிப்பில்லை, சகோதரிகளே!