ரேஷன் எண்ணெயும் இருதய நோயும்

இந்து சமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள மொரீஷியஸ் தீவு தமிழருக்குப் புதிதல்ல. நம்மவர் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிச் சென்ற இடம் அது. அத்தீவின் சர்க்கார் 1987-ஆம் வருஷத்தில் மேற்கொண்ட ஒரு நடவடிக்கையை நமது ராஜ்ய சர்க்கார் ஊன்றிக் கவனிக்கவேண்டுமென்று விரும்புகிறோம்.

இருதய நோயும் நீரிழிவும் தீவில் மிகுந்திருந்தன. ஜனங்களுக்குப் புத்தி சொல்வதோடு சர்க்கார் நின்றுவிடவில்லை. சாதாரண ஜனங்கள் வாங்கும் சமையல் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்தது. அதை நீக்கிச் சோயா எண்ணெயே இருக்கவேண்டுமென்று விதித்தது. 1992-இல் மறுபடியும் பரிசோதித்தபோது ஜனங்களின் இரத்தத்தில் கொலஸ்டிரால் சராசரி லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. எண்ணெய் மாற்றம் ஒன்றே இதற்குக் காரணமென்று நாம் வாதிக்க வரவில்லை. வேறு பிரசாரங்களும் நடந்தன. புகைப்போர் தொகையும் குறைந்தது. உடற்பருமன் மட்டும் குறையாமல் வளர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், யாருடைய மனவுறுதியையும் எதிர்பாராமல் ஏழையின் வாணலியில் மாறுதல் உண்டாயிற்றல்லவா?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் லிட்டர் 25 ரூபாய்க்கு ரேஷன் கடை கொடுப்பது பாமாயில். அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி பூரிதக் கொழுப்பு. இரத்தக் குழாயை அடைக்கும் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தக்கூடியது. 2021-இல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீடு தேடிச் சென்று கொடுக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மாத்திரை போகும் வீட்டுக்கே பாமாயிலும் போகிறதே, இது என்ன நிர்வாகம்?

பாமாயில் மலிவு, வேறு எண்ணெய் கொடுத்தால் பொக்கிஷம் தாங்காது என்பார்கள். அடைப்பு நீக்கும் சிகிச்சைக்கு அதே பொக்கிஷம் அளக்கும் பணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசட்டும். அந்நிய எண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் கொடுங்கள் என்று கேட்கும் விவசாய நண்பர்களிடம் நமக்கு அனுதாபம் உண்டு. ஆயினும் பூரிதக் கொழுப்பு அதில் இன்னும் அதிகம். சுதேசிப் பற்று வைத்திய சாஸ்திரத்தை மாற்றிவிடாது. நம் புஞ்சையில் விளையும் கடலையும் எள்ளும் இருக்கின்றன. அவற்றின் எண்ணெயில் அது மிகக் குறைவு.

ஒரே ஒரு ஜில்லாவில் இரண்டு வருஷம் கடலையெண்ணெய் கொடுத்து, முன்னும் பின்னும் இரத்தத்தைப் பரிசோதித்துச் சட்டசபையின்முன் கணக்கு வைக்க மந்திரிகள் தயாரா?