விற்பனைக்கு அல்லாத இசைத்தட்டுகள்

ஒரு பாடகரின் புதிய இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு முன், ரெக்கார்டு கம்பெனி சில நூறு பிரதிகளைத் தனியாக அச்சடித்து வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகை விமர்சகர்களுக்கும் இலவசமாக அனுப்பிவைப்பது மேலைநாடுகளில் நெடுங்கால வழக்கம். பாட்டு காற்றில் ஏறினால்தான் தட்டு விற்கும் என்ற வணிகக் கணக்கு அது. இப்படிப்பட்ட தட்டின் நடுவே ஒட்டிய லேபிள் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். 'விற்பனைக்கு அல்ல' என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். 1962-ல் பீட்டில்ஸ் குழுவின் முதல் தட்டான 'லவ் மீ டூ' வெளிவந்தபோது ஏறக்குறைய 250 பிரதிகள் இவ்வாறு அனுப்பப்பட்டன. பால் மெக்கார்ட்னியின் பெயர் அவற்றில் ஓர் எழுத்து குறைந்து தப்பும் தவறுமாக அச்சாகியிருந்தது. கடைக்கு வந்த தட்டில் திருத்திவிட்டார்கள். அந்த வெள்ளை லேபிள் பிரதிகளில் ஒன்று 2017-ல் 14 ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோனது. அதே பாட்டு, அதே இரண்டேகால் நிமிடம், கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் கேட்கலாம். அப்படியிருக்க இதென்ன பைத்தியம் என்று கேட்பவர்கள் உண்டு. விலையை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் விலை இங்கே நம் கவனத்தைத் திசைதிருப்புகிறது. ஒரு பாட்டு எப்படி உருவாகி, எப்படி மாறி, எந்த வழியில் மக்களிடம் வந்து சேர்ந்தது என்பதற்கு இந்த இலவசத் தட்டுகளே நேர்சாட்சி. அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் ஆவணக் காப்பகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு பாப் டிலனைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2016-ல் இலக்கிய நோபல் பெற்ற இந்த ராக் இசைக்கலைஞர், 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' என்ற தொகுப்பை 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பாடி முடித்துவிட்டார். விற்பனைக்கு முந்தைய சோதனைத் தட்டுகள் அச்சாகி வெளியே போயின. உறைகூடத் தயாராகிவிட்டது. ஆண்டுக் கடைசியில் சொந்த மாநிலமான மினசோட்டாவுக்குப் போனவருக்கு மனம் மாறியது. பத்துப் பாடல்களில் ஐந்தை மினியாபொலிஸ் நகரில், உள்ளூர் வாத்தியக்காரர்களைக் கூட்டிவைத்து மறுபடியும் பாடிப் பதிவுசெய்தார். 1975 ஜனவரியில் கடைக்கு வந்தது இந்தக் கலவைதான். உறை முன்பே அச்சாகிவிட்டதால் அந்த உள்ளூர்க் கலைஞர்களின் பெயர் அதில் இடம்பெறவில்லை. நியூயார்க்கில் அவர் பாடிய முழு வடிவம் சோதனைத் தட்டு வைத்திருந்த சிலரிடமும், அதிலிருந்து திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தவர்களிடமும்தான் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வரிகள் இரண்டு வேறு மனநிலைகளில் ஒலிப்பது புரியும். முன்னது தனிமையில் முணுமுணுப்பது போலிருக்கும்; பின்னது துணிந்து வெளியே வந்து பாடுவது. 1963-ல் வந்த அவருடைய 'ஃப்ரீவீலின்' தொகுப்பிலும் கடைசி நேரத்தில் நான்கு பாடல்கள் நீக்கப்பட்டு வேறு நான்கு சேர்க்கப்பட்டன. நீக்கிய பாடல்களின் பெயர் முதலில் அச்சான சில பிரதிகளில் தங்கிவிட்டது. ஒரு கவிஞரின் கையெழுத்துப் படியில் அடித்தல் திருத்தல்களைப் பார்ப்பதற்கு ஆய்வாளர்கள் எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள்! பாடகருக்கு அந்தக் கையெழுத்துப் படி இதுதான்.

நம் நாட்டிலும் விளம்பரத்துக்காக அச்சான தட்டுகள் உண்டு. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் சிம்லா சிகரெட்டை இளைஞர்களிடம் பரப்புவதற்காக 'சிம்லா பீட்' என்ற பெயரில் அகில இந்திய ராக் இசைப் போட்டி நடத்தியது. அதில் வாசித்த குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆண்டுகளின் பெயரில் இரண்டு எல்.பி. தட்டுகளாக வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர் போன்ற குழுக்களின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால் அந்த விளம்பரத் தட்டுகளின் புண்ணியம்தான். சினிமாப் பாட்டை நம்பியிருந்த இந்திய ரெக்கார்டு சந்தையில் கல்லூரி மாணவர்களின் கிதார் குழுவுக்குத் தட்டு போட யார் முன்வருவார்கள்? சிகரெட் பணம் வந்தது, வந்ததால் பதிவானது. சிகரெட் விளம்பரத்தைப் போற்றிப் பாதுகாக்க வேண்டுமா என்று கேட்கலாம். போற்ற வேண்டாம், பாதுகாக்கத்தான் வேண்டும். இந்திய ராக் இசையின் இளமைக்குப் புகையிலை கம்பெனி செலவு செய்தது என்ற கசப்பான உண்மை அந்த உறையிலேயே அச்சாகியிருக்கிறது. 2003-ன் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு அப்படியொரு தட்டு இந்தியாவில் வரவே முடியாது. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டால் கதையில் பாதி போய்விடும்.

இலவசத் தட்டு அல்ல என்றாலும் இதே தேடலில் சேரும் இன்னொன்று, இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் 78 சுழற்சித் தட்டுகள். இங்கிலாந்தில் 78 வழக்கொழிந்த பிறகும், 1960-களின் நடுவில் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவின் டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்களைக் கனத்த அரக்குத் தட்டில் அடித்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் பெட்டிகள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன என்பதே காரணம். எலெக்ட்ரிக் கிதாரின் இசை, கரண்டே இல்லாத வீட்டில் ஸ்பிரிங்கின் பலத்தில் ஒலிக்க வேண்டும் என்று அந்தத் தட்டு தயாரானது. உலகெங்கும் பீட்டில்ஸ் ரசிகர்கள் இன்று இந்த இந்தியத் தட்டுகளைத் தேடுகிறார்கள். நமக்கோ அது வெறும் அரிய பொருளாக மட்டும் இருக்கக் கூடாது. இந்திய கிராமங்களுக்கு மின்சாரம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை அந்தத் தட்டு சொல்கிறது.

இதையெல்லாம் அரசும் கம்பெனிகளும் பார்த்துக்கொள்ளாதா என்று ஒரு மறுப்பு எழலாம். 1954-ன் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இசைத்தட்டு அந்தச் சட்டத்தில் இல்லை. கம்பெனிகளை நம்பலாமென்றால், 2008-ல் ஹாலிவுட் யூனிவர்சல் ஸ்டுடியோவில் பிடித்த தீ, உலகின் மிகப் பெரிய இசைக் கம்பெனியின் மூலநாடாக்கள் பலவற்றை எரித்தது. 2019-ல் ஒரு பத்திரிகை விரிவாக எழுதும்வரை அந்த இழப்பின் அளவை வெளியுலகம் அறியவில்லை. பழைய தட்டுகளுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தனிமனிதர் சேர்த்ததே நிறுவனமாக வளர்ந்ததற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று பிறர் தூக்கியெறிந்ததையும் சேர்த்தார். அவர் மறைந்த பின் அந்தச் சேகரமே சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமானது. இலவசமாகக் கொடுத்த நோட்டீஸை வைத்து நாடக வரலாறு எழுத முடியுமென்றால், இலவசமாகக் கொடுத்த தட்டை வைத்து இசை வரலாறு எழுத முடியாதா? வி.ஏ.கே. ரங்காராவ் வீட்டில் சேர்த்த பல்லாயிரம் கிராமபோன் தட்டுகளும், அவற்றைக் கேட்டு அவர் எழுதிய எழுத்தும் இல்லாமல் தென்னிந்தியத் திரையிசையின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசுவது கடினம். விதைகளிலும் இதே கதைதான்: கொல்லிமலையில் தேவனூர் நாடு போன்ற மலையூர்களின் குடும்பங்கள் கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை, மல்லியச் சாமை என்று ரகம் ரகமாக விதை எடுத்து வைத்திருந்ததால்தான், பின்னாளில் விதை வங்கி வைக்க வந்தவர்களுக்கு வங்கியில் போட விதை கிடைத்தது. சந்தைக்கு வேண்டாததை வீடு காப்பாற்றித் தருவது நமக்குப் புதிதில்லை.

'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டதை விற்பதும் வாங்குவதும் திருட்டுச் சரக்குக்குச் சமம் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அமெரிக்காவில் யூனிவர்சல் நிறுவனம், தான் இலவசமாக அனுப்பிய விளம்பரக் குறுந்தகடுகளை ஏலத்தில் விற்ற ட்ராய் அகஸ்டோ என்பவர்மீது வழக்குத் தொடுத்தது. கேட்காமலே அனுப்பி, திருப்பிக் கேட்கவும் ஏற்பாடு செய்யாத பொருள் பெற்றவருக்கே சொந்தம் என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் வானொலி நிலையத்தின் நூலக முத்திரையோடு வெளியே வந்த தட்டின் சங்கதி வேறு. முறையாகக் கழித்து விற்றதற்கு அடையாளம் இல்லாவிட்டால் அதை வாங்காமல் இருப்பதே ஒழுங்கு.

பணக்காரர்களின் சூதாட்டமாகத் தட்டுச் சேகரிப்பு மாறுகிறது என்ற வருத்தத்தில் உண்மை இருக்கிறது. விலை ஏறியதும் போலி வந்துவிட்டது. சாதாரண உறையில் ரப்பர் முத்திரை குத்தினால் அது 'அரிய பிரதி' ஆகிவிடுகிறது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பாட்டு முடிந்தபின் லேபிளை ஒட்டி வரும் வழவழப்பான வளையத்தில் அச்சு எண் பொறித்திருப்பது தெரியும். முத்திரையை எவரும் குத்தலாம்; அந்த எண்ணை மாற்றுவது அவ்வளவு எளிதில்லை. வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பூட்டிவைத்து விலையேற்றத்துக்குக் காத்திருப்பவரைச் சேகரிப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண், வருடம், லேபிள், உறையில் எழுதியிருக்கும் கைக்குறிப்பு எல்லாவற்றையும் பதிந்து, கேட்பவருக்குக் காட்டுகிறவர்தான் சேகரிப்பாளர்.

தமிழ்நாட்டில் இளையராஜாவின் எல்.பி.களைத் தேடும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். பழைய சவுண்ட் சர்வீஸ் கடைகளின் பரணிலும், கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்களின் வீட்டுப் பெட்டியிலும் இன்னும் தட்டுகள் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். வெயில் படாமல், படுக்கவைக்காமல், செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். லேபிளில் முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் சுரண்ட வேண்டாம். ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் இடத்துக்கு எழுதிக் கேளுங்கள்.