பார்ப்பது யாரு, பேசுவது யாரு?

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் செய்தி எப்படி வரும் என்பது நமக்கு மனப்பாடம். உராய்வினால் தீப்பற்றியது, இத்தனை பேர் பலி. இந்த வாக்கியத்தில் உராய்வு இருக்கிறது, கை இல்லை. மருந்து கலந்தது யாரு, அவசரப்படுத்தியது யாரு, ஆலையை உள்குத்தகைக்கு விட்டது யாரு? எல்லாம் வாக்கியத்துக்கு வெளியே. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். இப்படிச் செத்தவர்கள் செய்திக்குள் நுழைவதே பிணமாகத்தான்.

புனைகதையிலும் இதே சிக்கல்தான். கதையில் பேசும் குரலும் பார்க்கும் கண்ணும் ஒன்றல்ல என்று 1972இல் பிரித்துக் காட்டினார் ழெரார் ழெனெத். நாம் பெரும்பாலும் குரலை மட்டுமே கவனிக்கிறோம். 'நான்' என்று எழுதிவிட்டால் விளிம்பின் குரல் வந்துவிட்டது என்று நம்புகிறோம்.

பூமணியின் 'வெக்கை' (1982) இந்த நம்பிக்கையை உடைக்கிறது. கரிசல் காட்டு நாவல். கதைசொல்லி 'அவன்' என்றுதான் சொல்கிறார். ஆனால் கண், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிற பதினைந்து வயது சிதம்பரத்துடையது. அவனுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல வாசகருக்கு நேரமில்லை. அவனோடு ஒளிய வேண்டும், பசிக்க வேண்டும்.

வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) அதே கதையை அப்பா சிவசாமியின் பக்கம் நகர்த்தியது. பஞ்சமி நிலமும் எரிக்கப்பட்ட குடிசைகளும் பின்கதையாக விரிகின்றன. வன்முறைக்கு ஒரு வரலாறு கிடைக்கிறது. அது சாதாரண லாபமல்ல. அதேசமயம் பையனுடைய பயம் அப்பாவின் கதைக்கு ஓரமாகிவிடுகிறது. கண் மாறினால் அரசியலும் மாறுகிறது.

பட்டாசுத் தொழிலாளியை எழுதும் தோழர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். எல்லாம் அறிந்த கதைசொல்லிக்குக் கடைசியில் வெடிக்கும் என்று முதல் வரியிலேயே தெரியும். அதனால் அந்தப் பெண் திரி செருகுவதுகூட அவருக்குச் சாவின் முன்னறிவிப்பு. அவள் அவருடைய வாதத்துக்கு வெறும் சாட்சி. அவளுக்கோ அது சனிக்கிழமைக் கூலி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம், பக்கத்தில் இருப்பவளோடு ஒரு சிரிப்பு. அவளுக்குத் தெரியாததைத் தானும் தெரியாமல் வைத்துக்கொள்கிற கதைசொல்லியிடம்தான், செத்தவள் ஒருத்தி என்பதற்கு முன்னால், வாழ்ந்தவள் ஒருத்தி என்று வாசகருக்குத் தெரியவரும்.