பழைய பாஸ்வேர்டு கணினிக்கே தெரியாது

பாஸ்வேர்டை மறந்துவிட்டு லேப்டாப்பைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "உள்ளே இருக்கிற பழைய பாஸ்வேர்டைப் பார்த்துச் சொல்ல முடியாதா?" முடியாது. கடைக்காரரின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பாஸ்வேர்டு கணினிக்குள் அப்படியே எழுதி வைக்கப்படுவதில்லை.

முன்பு எழுதித்தான் வைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சிடிஎஸ்எஸ் அமைப்பை ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் ஒரே கோப்பில் இருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், பிறர் கணக்கில் நுழைவதற்காக அந்தக் கோப்பையே அச்செடுத்துக்கொண்டார். பிறகொரு நாள், அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில் தவறுதலாகப் பாஸ்வேர்டு பட்டியல் முழுவதும் பயனாளர்கள் கண்ணில் பட்டது.

இதற்கு வந்த தீர்வுதான் ஹாஷ். நீங்கள் தட்டும் சொல்லை ஒரு கணக்கின் வழியே செலுத்தி, அதில் வரும் குழம்பிய குறித்தொடரை மட்டும் கணினி சேமிக்கிறது. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல், அந்தத் தொடரிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. அடுத்த முறை தட்டும்போது அதே கணக்கைச் செய்து, இரண்டு விடையும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும். யூனிக்ஸில் இதைச் செய்த அனுபவத்தை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள்.

ஆக, பழைய பாஸ்வேர்டே வேண்டுமென்றால் ஊகித்து ஊகித்துப் பார்ப்பது ஒன்றே வழி. கென் தாம்சனின் பாஸ்வேர்டே இதற்குச் சாட்சி. பழைய யூனிக்ஸ் கோப்பு ஒன்றில் அவருடைய ஹாஷ் மிஞ்சியிருந்தது. 2019இல் ஆர்வலர் ஒருவர் கிராஃபிக்ஸ் கார்டை நான்கு நாட்களுக்கு மேல் ஓடவிட்டு அதை உடைத்தார். வந்தது எட்டே எழுத்து. சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வு, பழைய குறியீட்டில். தாம்சன் சதுரங்கக் கணினியே கட்டியவர்!

நமக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவரானால் செல்போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். கணினியோடு நின்றுவிடும் கணக்கு என்றால், விண்டோஸ் அந்த ஹாஷை வைத்திருக்கும் 'சாம்' என்ற கோப்பைத் திருத்தலாம். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கணினியை பூட் செய்து ஹாஷை அழித்துவிட்டால், பாஸ்வேர்டே இல்லாத கணக்காக அது திறக்கும். கோப்புகள் மட்டும் போதுமென்றால் அதே லினக்ஸ் வழியே நகலெடுத்துக்கொள்ளலாம். எனவே "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கடையில் கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஆனால் இப்படி வலுக்கட்டாயமாக மாற்றும்போது, விண்டோஸ் பழைய பாஸ்வேர்டைக் கொண்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து வைத்தவை திறக்காமல் போகக்கூடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அதில் அடக்கம்.

உங்களால் முடிவது திருடனாலும் முடியும் அல்லவா? அதனால்தான் ஹார்டு டிஸ்க் முழுவதையுமே மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர், 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. இன்று பல புதிய லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இத்தகைய மறையாக்கம் தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. அதை நமக்கு உரக்கச் சொல்லாமலே இது நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே பென்டிரைவ் வேலை பலிக்காது. மறையாக்கத்தின் சாவி 128 பிட் என்றே வைத்துக்கொள்வோம். சாத்தியங்களின் எண்ணிக்கை 39 இலக்கம். நொடிக்கு லட்சம் கோடி முறை முயன்றாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும். இந்தப் பூட்டு உங்களையே தடுக்கவும் கூடும்: மதர்போர்டை மாற்றினால், சில சமயம் பயாஸை அப்டேட் செய்தாலே, நீலத்திரை எழுந்து மீட்புச் சாவியைக் கேட்கும். அப்போது உங்கள் பாஸ்வேர்டு சரியாக நினைவிருந்தும் பயனில்லை.

அந்த மீட்புச் சாவி 48 இலக்கம். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதமின்றி வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் எந்தத் தொகுதியில் பிழை என்று கணினி அங்கேயே சொல்லிவிடும். மனிதர் கையால் எழுதி, கண்ணால் படித்துத் தட்டுவார் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு இது. பார்க்கப் பார்க்க மரியாதை வருகிறது.

சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரரோ, உறவுக்காரப் பையனோ தன் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால், சாவி அவர் கணக்கில்தான் இருக்கும். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.